பலகைக்குப் பின்னால் ஒரு கை

எகிப்தின் துமியாத்தில், எங்கள் தெருவில், துப்பாக்கி என்று யாராவது சொன்னால் போலீஸ்காரர்கூடத் திரும்பிப் பார்க்க மாட்டார். நாற்காலிக்கும் சோபாவுக்கும் ஆணி அடிக்கிற காற்றுத் துப்பாக்கிதான் இங்கே துப்பாக்கி. காலை எட்டு மணிக்குப் பட்டறைகளில் கம்ப்ரசர்கள் உறுமத் தொடங்கினால், மாலைத் தொழுகை வரைக்கும் தெரு முழுக்க டப் டப் என்றே இருக்கும். எதிரே நிற்பவரிடம் பேசுவதானாலும் கத்தித்தான் பேச வேண்டும். எங்கள் ஊர்க்காரர்கள் வெளியூர் போனால் சண்டைக்காரர்கள் என்று பெயர் வாங்கி வருவது இதனால்தான்.

என் பெயர் வஹ்பா. கம்ப்ரசர், காற்றுக் குழாய், துப்பாக்கி, ஆணி எல்லாம் விற்கிறேன். கெட்டுப்போனால் பழுதும் பார்க்கிறேன். என் கடைக்கு நேர் எதிரே உஸ்தா ஃபிக்ரியின் சோபாப் பட்டறை; தேர்ந்த தொழில்காரரை நாங்கள் உஸ்தா என்போம். மேல்மாடியில் அவன் வீடு. அவர்கள் வீட்டில் யார் வருகிறார்கள், யார் போகிறார்கள், அடுப்பில் என்ன வேகிறது என்பது வரைக்கும் எனக்குத் தெரியும். எனக்கு வேறு வேலை இல்லை என்று என் மனைவி சொல்வாள். அவள் சொல்வதில் பாதி உண்மை.

ஃபிக்ரியும் அவன் மனைவி சுஹைரும் இருபத்திமூன்று வருடம் சேர்ந்து வேலை செய்தவர்கள். அவன் சுத்தியலால் அடிப்பான், அவள் பலகையைப் பிடிப்பாள். பிடிப்பது என்றால் வெறுமனே பிடிப்பது இல்லை. வலது கை சட்டத்தின் மேல் இருக்கும். இடது உள்ளங்கை பலகைக்குப் பின்னால், ஆணி வந்து சேரப்போகிற இடத்தில் விரிந்திருக்கும். ஆணி முனை வெளியே வருவதற்கு முன்னால் மரத்தின் தோலில் ஒரு துடிப்பு வருமாம். அது அவள் உள்ளங்கைக்குத் தெரியும். "போதும்" என்பாள். அவன் நிறுத்திவிடுவான்.

இதற்கு ஒரு காரணம் இருந்தது. எங்கள் பக்கம் கல்யாணப் பெண்ணின் சாமான்களைத் திறந்த வண்டியில் ஏற்றி, மேளம் கொட்டி, குலவை போட்டு மாப்பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். வண்டியிலிருந்து இறக்கியதும் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் சோபாவின் முதுகில் உள்ளங்கையை வைத்து மேலிருந்து கீழ்வரை தடவிப் பார்ப்பார்கள். ஒரு ஆணி முனை குத்திவிட்டால் போதும், அந்தப் பெண் பேரப்பிள்ளை எடுக்கிற வரைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவார்கள். ஃபிக்ரி செய்த சோபா இதுவரை யார் கையையும் குத்தியதில்லை. அந்தப் பெருமையில் பாதிக்கு மேல் சுஹைரின் இடது கைக்குச் சேரும்.

டீ குடித்துக்கொண்டே அவர்கள் வேலை செய்வதை நான் பார்த்துக்கொண்டிருப்பேன். சண்டையும் அதற்கு நடுவிலேயே நடக்கும், ஆரம்பிப்பது ஃபிக்ரிதான்.

"நேத்து பீன்ஸ்ல உப்பே இல்ல."

"அடி."

"உங்க அம்மாகிட்ட கத்துகிட்டதா?"

"எங்க அம்மா சமையல நாலு தட்டு தின்னவன்தான நீ. போதும்."

அந்தக் கடைசி 'போதும்' ஆணிக்கா, பேச்சுக்கா என்று எனக்கு எப்போதும் சந்தேகம் வரும். அவன் இரண்டையும் நிறுத்திவிடுவான்.

துப்பாக்கி வாங்கச் சொல்லி இரண்டு வருடம் அவனை நச்சரித்தவன் நான். போன அக்டோபரில்தான் வாங்கினான். வியாபாரி என்ற முறையில் எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். துப்பாக்கியின் மூக்கு மரத்தில் அழுந்தினால்தான் ஆணி வெளியே வரும். சில மடையர்கள் வேகத்துக்காக அந்த மூக்கை சைக்கிள் டியூப் போட்டு இழுத்துக் கட்டிவைக்கிறார்கள், அதைச் செய்யாதே. மூக்கை வைத்த பிறகுதான் டிரிகரில் விரல் போக வேண்டும், நடக்கும்போது போகக் கூடாது. ஆணி சிக்கினால் முதலில் காற்றுக் குழாயைக் கழற்று, பிறகு நோண்டு. கண்ணாடி போடு. காலையில் இரண்டு சொட்டு எண்ணெய் விடு. நம் ஊர் கடல் காற்றுக்குத் தொட்டியில் தண்ணீர் சேரும், சாயங்காலம் திறந்து வடித்துவிடு. அவன் கையைக் கட்டிக்கொண்டு கேட்டான். சுஹைர் டீத் தட்டோடு பின்னால் நின்று கேட்டாள்.

ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டேன். பலகைக்குப் பின்னால் யாரும் கை வைக்கக் கூடாது என்பதை. இருபது வருடமாக அந்தக் கையை எதிரே உட்கார்ந்து பார்த்தவன் நான்தான். இருந்தும் அது எனக்குத் தோன்றவே இல்லை. இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

முதல் மூன்று நாள் தடித்த கால்களில்தான் வேலை நடந்தது. நான்காம் நாள் சோபாவின் முதுகுப் பலகை. ஆணி அடித்தான். சுத்தியல் ஆணி ஐந்து அடியில் கொஞ்சம் கொஞ்சமாக வரும். இது வருவதற்கு நேரமே எடுத்துக்கொள்ளவில்லை. அவள் உள்ளங்கை துடிப்பை உணர்வதற்குள் ஆணி உள்ளங்கைக்குள் இருந்தது.

அலறல் எதுவும் எனக்குக் கேட்கவில்லை. கம்ப்ரசர் ஓடுகிறது, டப் சத்தம் இல்லை என்பதை வைத்துத்தான் எழுந்து போனேன். ஃபிக்ரி அவள் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். முகம் சுண்ணாம்பாக இருந்தது. அவள்தான் பேசினாள்.

"வஹ்பா அண்ணே, அத நிறுத்துங்க. காது வலிக்குது."

எலும்பில் படவில்லை. புண் ஒரு மாதத்தில் ஆறியது. இடது கையின் கடைசி இரண்டு விரல்கள் மட்டும் முழுதாக மடங்கவில்லை. அவளுக்கு ஆறியது, அவனுக்கு ஆறவில்லை. துப்பாக்கியைச் சுவரின் உயரத்தில் ஒரு கொக்கியில் மாட்டினான். பலகையைப் பிடிக்க ஒரு இரும்புக் கவ்வி வாங்கி வந்தான். பட்டறைக் கதவில் பாதியைச் சாத்திக்கொண்டு பழையபடி சுத்தியலால் தனியாக அடிக்கத் தொடங்கினான். சுஹைர் உள்ளே வந்தால், "உனக்கு இங்க வேலை இல்ல, மேல போ" என்பான். அதட்டலாக அல்ல, கெஞ்சுவது போலச் சொல்வான். அதைத்தான் அவளால் எதிர்த்துப் பேச முடியவில்லை.

மூன்று மாதம் பகலில் அவர்களுக்கு நடுவே போய்வந்தது ஒரு கூடை மட்டும்தான். மதியம் அவள் பால்கனியிலிருந்து கயிற்றில் கூடையை இறக்குவாள். ரொட்டி, வெள்ளைப் பாலாடைக்கட்டி, வறுத்த கத்திரிக்காய். அவன் எடுத்துக்கொண்டு காலிப் பாத்திரத்தை வைத்துக் கயிற்றை ஒரு முறை இழுப்பான். கூடை மேலே போகும். எதிரே உட்கார்ந்து இதைத் தினமும் நான் பார்க்க வேண்டியிருந்தது. என்ன செய்வது, கடையை வேறு பக்கம் திருப்பிக் கட்ட முடியாதே.

இந்த நேரத்தில்தான் அவர்கள் மகள் ரீஹாமுக்குக் கல்யாணம் கூடி வந்தது. மாப்பிள்ளை பக்கத்து ஊரான ஃபாராஸ்கூர்க்காரன், நல்ல பையன். சாமான் போகிற நாள் பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை என்று பேசி முடித்தார்கள். மூன்று சோபா, இரண்டு நாற்காலி. சோபாக்காரன் மகளுக்குக் கடையில் வாங்கின சோபா போனால் எங்கள் தெருவே தலை நிமிர முடியாது. ஒரு வாரம் முன்னாலேயே மரச்சட்டங்களை முடித்துக் கொடுத்தால்தான் துணி போர்த்துகிறவருக்கு நேரம் இருக்கும். அந்தக் கெடுவுக்கு ஆறு நாள் இருக்கையில் ஒரே ஒரு சட்டம்தான் முடிந்து நின்றது.

சப்ரி என்று ஒரு ஆளைக் கூலிக்குக் கூப்பிட்டான். சப்ரி தன் சொந்தத் துப்பாக்கியோடு வந்தான். மூக்கில் சைக்கிள் டியூப். விரலை டிரிகரிலேயே வைத்துக்கொண்டு பாட்டுப் பாடியபடி உலாத்தினான். அவன் அடித்த ஒவ்வொரு ஆணிக்கும் ஃபிக்ரி தோளைக் குறுக்கினான். மதியத்துக்குள் அவனுக்குச் சோறு போட்டு, முழு நாள் கூலியும் கொடுத்து அனுப்பிவிட்டான்.

மறுநாள் சனிக்கிழமை. காலையிலிருந்து கடல் பக்கத்து மழை. தெருவில் மரத்தூளும் தண்ணீரும் சேர்ந்து கூழாகக் கிடந்தது. சுஹைர் ஒரு கையில் குடை, ஒரு கையில் காய்கறிப் பையோடு என் கடைக்குள் வந்தாள்.

"அண்ணே, எனக்கு அத சொல்லிக் குடுங்க."

"எத?"

"துப்பாக்கிய."

நான் டீக் கோப்பையைக் கீழே வைத்தேன். "உஸ்தாவுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா நான் ஏன் மழையில வர்றேன். கூடைய இறக்கிக் கேட்டிருப்பேன்."

"ரீஹாம் அம்மா, உங்க கை..."

"இடது கைதான அடிபட்டுது. சுடறது வலது கை. நீங்கதான உலகத்துக்கே விக்கிறீங்க, எனக்கு மட்டும் விக்க மாட்டீங்களா?"

"விக்கிறது வேற. சொல்லிக் குடுக்கிறது வேற. போன தடவ சொல்லிக் குடுத்த லட்சணம்தான் தெரியுமே."

சொல்லிவிட்டேன். மூன்று மாதமாக நெஞ்சில் இருந்தது வாயில் வந்துவிட்டது. அவள் குடையை மடக்கி மூலையில் வைத்தாள்.

"அதனாலதான் உங்ககிட்ட வந்தேன். ஒரு தடவ தப்பா சொல்லிக் குடுத்தவரு ரெண்டாவது தடவ ஒழுங்கா சொல்லிக் குடுப்பாரு."

கடைக்குப் பின்னால் கழிவு மரம் கிடக்கிற இடத்தில் ஆரம்பித்தோம். முப்பது வருடமாக உஸ்தாக்களுக்கு விற்கிறேன். ஒருவரும் கேட்காத கேள்வியை அவள் முதலில் கேட்டாள்.

"இந்த ஆணி எவ்ளோ நீளம்?"

ஆணிகள் வாழைப்பழச் சீப்பு மாதிரி ஒட்டித்தான் வரும். அவள் ஒரு சீப்பை எடுத்துப் பலகையின் ஓரத்தில் வைத்துப் பார்த்தாள். ஆணி பலகையைத் தாண்டி ஒரு விரல் அகலம் வெளியே நின்றது.

"அன்னிக்கு இதத்தான் போட்டிருந்துது. பலகையும் அடிக்கட்டையும் சேந்து நாலு சென்டிமீட்டர். ஆணி அஞ்சு."

"அத ஃபிக்ரி பாக்கல."

"நானும் பாக்கல. என் கை பாத்துக்கும்னு ரெண்டு பேரும் இருந்தோம்."

பிறகு பையிலிருந்து ஒரு உருளைக்கிழங்கை எடுத்தாள். அதைப் பலகைக்குப் பின்னால் வைத்து, நழுவாமல் இருக்க இரண்டு கட்டையை முட்டுக் கொடுத்தாள். தன் கை இருந்த இடம்.

"அதுக்கு வலிக்காது," என்றாள்.

மூன்று வேறு நீளங்களில் ஆணி போட்டு அடித்தாள். முதல் முறை துப்பாக்கி எகிறியதில் இவளும் எகிறினாள். "எகிறட்டும், விடுங்க. திரும்ப அமுக்கினா ரெண்டாவது ஆணி வந்துரும்," என்றேன். இரண்டாம் முறை கை அடங்கிவிட்டது. மூன்று சென்டிமீட்டர் ஆணிக்குக் கிழங்கு பிழைத்தது. நாலுக்கும் பிழைத்தது. ஐந்து நடுவில் புகுந்தது. அவள் அந்தக் கிழங்கைக் கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கம்ப்ரசரின் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றும் மறுநாளும் அவள் கேட்டது எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். மரத்தில் கணு இருந்தால் ஆணி எங்கே போகும் என்று கேட்டாள். கணுவில் வைத்து அடித்துக் காட்டினேன். ஆணி வளைந்து பலகையின் பக்கவாட்டில் பல்லை இளித்தது. அதனால்தான் பின்னால் மட்டும் இல்லை, பக்கத்திலும் கை கூடாது, இரண்டு சாண் தள்ளி இருக்க வேண்டும் என்றேன். துப்பாக்கியைப் பலகைக்குக் குறுக்கே திருப்பிப் பிடித்தால், வளைகிற ஆணி பலகையின் நீளவாக்கில் உள்ளுக்குள்ளேயே வளையும், பலகையின் மேற்பரப்பைக் கிழித்துக்கொண்டு வராது என்றும் காட்டினேன். காற்றின் அழுத்தத்தை ஏற்றி இறக்கி, பைன் மரத்துக்கு எவ்வளவு, பீச் மரத்துக்கு எவ்வளவு என்று அவளே கண்டுபிடித்தாள். ஆணித் தலை மரத்துக்குள் மயிரிழை இறங்க வேண்டும். குழி விழுந்தால் காற்று அதிகம், தலை மேலே நின்றால் குறைவு. பதின்மூன்று உருளைக்கிழங்கு காலியாயிற்று. அந்த இரண்டு நாளும் அவர்கள் வீட்டில் உருளைக்கிழங்குக் குழம்புதான். ஃபிக்ரி ஆணித் துளைகளைப் பார்த்துப் புழு என்று நினைத்துக் கடைக்காரனைத் திட்டினானாம்.

திங்கட்கிழமை காலை மழை விட்டு வெயில் வந்தது. சுஹைர் தலைத்துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு பட்டறைக்குள் போனாள். எண்ணெய்ப் புட்டியைக் கொடுக்கப் போகிறவன் போல நானும் பின்னால் போனேன். யாரும் எண்ணெய் கேட்கவில்லை.

ஃபிக்ரி கவ்வியில் பலகையைப் பூட்டிக்கொண்டிருந்தான். நிமிராமலே, "உனக்கு இங்க வேலை இல்ல," என்றான்.

"இருக்கு. நாலு சட்டம் பாக்கி. வியாழக்கிழம கெடு."

"நான் முடிச்சுருவேன்."

"எந்த வருஷம்?"

அவன் கவ்வியை இன்னொரு சுற்று முறுக்கினான். அவள் சுவரைக் காட்டினாள். "அண்ணே, அத இறக்குங்க. எனக்கு எட்டாது."

"வஹ்பா, அதத் தொட்ட, கைய ஒடிச்சுருவேன்," என்றான் ஃபிக்ரி.

"இந்த வீட்டுல கையப் பத்திப் பேசாதடா," என்று சொல்லிவிட்டு முக்காலியில் ஏறினேன். எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்தது என்று தெரியவில்லை. இறக்கிக் கொடுத்தேன். அவள் தூசியைத் தலைத்துண்டின் நுனியால் துடைத்தாள்.

"ரீஹாம் அம்மா, மேல போ. கெஞ்சிக் கேக்கறேன்."

"மூணு மாசமா கெஞ்சிக் கெஞ்சித்தான் வெளிய தள்ளியிருக்க. அந்த ஆணி என்ன ஒரு தடவதான் குத்துச்சு. நீ தினமும் காலையில கதவ சாத்தற."

"உன் நல்லதுக்குத்தான்."

"என் நல்லது என்னன்னு என்கிட்ட கேட்டியா? மேல உக்காந்து கயித்துல கூடைய விட்டுட்டு இருக்கேன். கெணத்துல தண்ணி எறைக்கிறவளா நான்? உன் பலகைய அந்த இரும்பு புடிக்குது. அது உன்கூட பேசுதா? உப்பு இல்லன்னா அதுகிட்ட சொல்றியா?"

ஃபிக்ரி சுத்தியலை மேசையில் வைத்தான்.

"சத்தம் கேக்குதா உனக்கு? தெருவுல, எல்லாப் பட்டறையிலயும்? காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் அடிக்கிறானுங்க. ஒவ்வொண்ணும் உன் கையில எறங்கற மாதிரியே இருக்கு எனக்கு. நான்தான் அடிச்சேன். வேற யாரும் இல்ல. நான்."

தெருவில் அப்போதும் டப் டப் என்றுதான் இருந்தது. சுஹைர் தெருப்பக்கம் திரும்பி அதைக் கேட்டாள். பிறகு அவள் குரல் இறங்கிவிட்டது.

"சரி. நீ அடிக்க வேணாம். நான் அடிக்கிறேன், நீ புடி. சத்தம் என்கிட்டேருந்து வரட்டும்."

"உனக்கு என்ன தெரியும் அதப் பத்தி?"

"பதிமூணு கிழங்கு உயிரக் குடுத்துச் சொல்லிக் குடுத்திருக்கு."

ஃபிக்ரி என்னைப் பார்த்தான். நான் எண்ணெய்ப் புட்டியின் மூடியைத் திறந்து மூடினேன்.

அவள் கண்ணாடி போட்டுக்கொண்டாள். துப்பாக்கிக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விட்டாள். ஆணிச் சீப்பைப் பலகை ஓரத்தில் வைத்து அளந்து, ஒன்றை ஒதுக்கி வேறொன்றை எடுத்துப் போட்டாள். காற்றைத் திருகிச் சரிபார்த்தாள். ஃபிக்ரியின் முகத்தில் ஏதோ மாறியது. என்னதான் இருந்தாலும் அவன் தொழில்காரன்; ஒழுங்காகச் செய்கிற கையைக் கண்டால் அவனால் வாயைத் திறக்க முடியாது. கவ்வியைத் தளர்த்தினான். அவள் இருபத்திமூன்று வருடம் நின்ற இடத்தில், மேசைக்கு அந்தப் பக்கம், போய் நின்றான். பலகையைப் பிடித்தான்.

அவள் மூக்கைக் குறுக்காகத் திருப்பி மரத்தில் வைத்தாள். விரல் டிரிகருக்கு வெளியே இருந்தது. அடிக்கவில்லை.

"கை," என்றாள்.

"புடிச்சுட்டுதான இருக்கேன்."

"எந்தக் கை?"

அவன் குனிந்து பார்த்தான். நானும் பார்த்தேன். வலது கை சட்டத்தின் மேல் இருந்தது. இடது கை பலகைக்குப் பின்னால் போயிருந்தது. உள்ளங்கை விரித்து, ஆணி வரப்போகிற இடத்துக்கு நேராக, சுஹைரின் கை எங்கே இருக்குமோ அங்கேயே இருந்தது. மூன்று மாதமாகத் தூங்காமல் தன்னையே சபித்துக்கொண்டிருந்த மனிதனின் கை அது.

"நான் வைக்கலியே," என்றான் ஃபிக்ரி. குழந்தை மாதிரிதான் சொன்னான்.

"நானும்தான் வைக்கல," என்றாள் சுஹைர். "அதுவா போச்சு."

அவள் துப்பாக்கியின் குழாயைக் கழற்றி மேசையில் வைத்தாள். ஃபிக்ரி மரக் குவியலில் உட்கார்ந்துவிட்டான். தன் இடது உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான், அழுதான். நன்றாக வாய்விட்டு அழுதான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, மடங்காத அந்த இரண்டு விரலோடு இருந்த கையை அவன் கைமேல் வைத்தாள். நான் கம்ப்ரசரைச் சரிபார்க்கப் போனேன். அதில் சரிபார்க்க ஒன்றும் இல்லை. எனக்கும் கண்ணைத் துடைக்க ஒரு இடம் வேண்டியிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து ஃபிக்ரி மூக்கைச் சிந்திவிட்டு எழுந்தான். "கை எங்க வைக்கணும், சொல்லு," என்றான்.

"ஆணியிலேருந்து ரெண்டு சாண். ரெண்டு கையும் எனக்குத் தெரியணும். கண்ணுல படலன்னா நான் அடிக்க மாட்டேன்."

"ஒவ்வொரு ஆணிக்குமா?"

"ஒவ்வொரு ஆணிக்கும். நீ காட்டு, நான் பாத்துக்கறேன்."

முதல் ஆணிக்கு அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். பத்தாவது ஆணியில், "கொஞ்சம் மேல," என்றான். முப்பதாவதில், "அது கணு, தள்ளி வை," என்றான். மதியம் பால்கனியிலிருந்து ரீஹாமின் குரல் கேட்டது.

"அம்மா, கூடைய எத்தன பேருக்கு இறக்கறது?"

"மூணு பேருக்கு," என்று சுஹைர் கத்தினாள். "வஹ்பா மாமா கடையத் தொறந்து போட்டுட்டு இங்கதான் நிக்கறாரு."

அன்றைக்குக் கூடையில் வாத்து வந்தது, வயிற்றில் வெங்காயம் அடைத்தது. வெள்ளிக்கிழமைக்கு வைத்திருந்ததை ரீஹாம் திங்கட்கிழமையே சமைத்துவிட்டாள். ஃபிக்ரி ஒரு வாய் தின்றுவிட்டு, "உப்பு இல்ல," என்றான். சுஹைர் கையில் எலும்போடு சிரித்தாள். மூன்று மாதத்தில் அந்தச் சிரிப்பை எங்கள் தெரு கேட்கவில்லை.

செவ்வாயும் புதனும் அப்படியே போயின. வேலை வேகமாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். ஒவ்வொரு ஆணிக்கும் அவன் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினான், அவள் பார்த்து அடித்தாள். தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்த்து, "என்ன உஸ்தா, வீட்டுக்காரம்மா துப்பாக்கி தூக்கியாச்சு, கையத் தூக்கி சரணடைஞ்சுட்டியா?" என்றார்கள். "ஆமா, உன் வீட்டுலயும் துப்பாக்கி வாங்கிக் குடு, நீயும் சரணடைவ," என்று ஃபிக்ரி பதிலுக்குக் கொடுத்தான். பாக்கி நாலில் மூன்று சட்டங்கள் புதன் மாலைக்குள் வரிசையாக நின்றுவிட்டன. வியாழன் பகலில் கடைசி சோபாவும் முடிகிற நிலைக்கு வந்தது.

ஒரே ஒரு இடம் பாக்கி. கைப்பிடியும் முதுகும் சேர்கிற மூலை. துப்பாக்கியின் மூக்கு அங்கே நுழையவில்லை. அவள் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். சாய்த்துப் பிடித்தால் நுழையும். ஆனால் சாய்த்துப் பிடித்தால் மூக்கு சரியாக அழுந்தாது, ஆணி எங்கே போகும் என்று சொல்ல முடியாது. நான் வாயைத் திறப்பதற்குள் அவளே துப்பாக்கியை எடுத்துவிட்டாள். குழாயைக் கழற்றினாள். துப்பாக்கியைக் கொக்கியில் மாட்டினாள். இப்போது அந்தக் கொக்கி அவள் கைக்கு எட்டுகிற உயரத்தில் இருந்தது.

"சுத்தியல்தான்," என்றாள்.

ஃபிக்ரி சுத்தியலையும் ஓர் ஆணியையும் எடுத்தான். பலகையைப் பிடிக்க இரும்புக் கவ்வியைத் தேடினான். அந்த மூலையில் அதுவும் பிடிக்காது. அவன் நிமிர்ந்தபோது சுஹைர் மேசைக்கு அந்தப் பக்கம், தன் பழைய இடத்தில் நின்றாள். வலது கை சட்டத்தின் மேல். இடது கை பலகைக்குப் பின்னால் போயிருந்தது.

"கை," என்றான் ஃபிக்ரி.

"தெரிஞ்சுதான் வச்சிருக்கேன். இந்தத் தடவ நான்தான் வச்சேன்."

"வேணாம். ஆணிய அளந்து பாத்துக்கலாம்."

"அளந்துட்டேன். நாலு. இருந்தாலும் மாப்பிள்ள வீட்டுப் பொம்பளைங்க தடவிப் பாக்கறதுக்கு முன்னாடி நான் பாக்கணும்."

"சுஹைர்."

"துப்பாக்கிக்குக் காது கிடையாது, அது நான் சொன்னா கேக்காது. சுத்தியல் கேக்கும். அடி."

ஃபிக்ரி ஆணியை மரத்தில் ஊன்றினான். சுத்தியலைத் தூக்கினான். தூக்கியபடியே நின்றான். நான் மூச்சை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. பிறகு அடித்தான், கோழிக்குஞ்சைத் தட்டுவது போல.

"இப்படி அடிச்சா ரீஹாம் பேத்தி கல்யாணத்துக்குத்தான் இந்த சோபா போகும்," என்றாள் அவள்.

அவன் இன்னொரு அடி அடித்தான். கொஞ்சம் பலமாக. அப்புறம் இன்னொன்று. நெற்றியிலிருந்து வியர்வை பலகையில் சொட்டியது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள், உள்ளங்கையால் கேட்கிறவள் போல. நான்காவது அடி. ஐந்தாவதுக்குச் சுத்தியல் மேலே போனது.

"போதும்," என்றாள் சுஹைர்.

அவன் நிறுத்தினான்.